ஆஸ்பத்திரி வாசலுக்கு அப்பால்

இதயம், நுரையீரல், மூளை. உயிர் பிழைத்து வீடு திரும்பியவரை அடுத்த சில வாரங்களில் காப்பாற்றுவது மாத்திரை மட்டுமல்ல. எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்த ஒரு நர்ஸ்.

களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பஸ்ஸின் நிறமும் ரேஷன் கார்டும் மாறுகின்றன. நோய் மட்டும் மாறுவதில்லை. இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம். அந்தப் பக்கம் இஞ்சிவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை. ரப்பர் மரத்தில் பால் வெட்டியும், தறியில் உட்கார்ந்தும், செங்கல் சுமந்தும் வயதானவர்களை எல்லையின் இரு பக்கமும் சாய்ப்பவை அதே மூன்று: இதய நோய், மூச்சடைப்பு, பக்கவாதம்.

ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமான இடம் அல்ல இது. பாறசாலையில் தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரையில் அரசுப் பொது மருத்துவமனை, காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. எவரெஸ்ட் ஏறப் போன கையோடு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்த டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்லின் பெயரில் அமைந்தது அது. நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் போனால் திருவனந்தபுரம். அங்கே மருத்துவக் கல்லூரியும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகமும். 1990-ல் இந்தியாவிலேயே வடிவமைத்த செயற்கை இதய வால்வு முதன்முதலில் பொருத்தப்பட்டது ஸ்ரீ சித்திரையில்தான். குமரி மாவட்டத்துக்காரர்களும் சிக்கலான நோய் என்றால் சென்னையைப் பார்ப்பதில்லை, திருவனந்தபுரம் பஸ்ஸைத்தான் பார்க்கிறார்கள்.

சிக்கல், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கும் நாளில் தொடங்குகிறது. ஐந்து நாளோ பத்து நாளோ இருபத்து நான்கு மணி நேரமும் யாராவது பார்த்துக்கொண்டிருந்த நோயாளி, ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்ததும் மனைவியின் பொறுப்பு, மருமகளின் பொறுப்பு. கையில் இருப்பது மாத்திரைப் பட்டியலும் ஒரு மாதம் கழித்து வரச் சொன்ன தேதியும்தான். இடையில் இருக்கும் அந்த முப்பது நாள் யாருடையது?

திருவனந்தபுரத்தின் கணக்கு

இந்தக் கேள்விக்கு அவசரம் இருக்கிறது என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே எடுத்த இரண்டு கணக்குகள் சாட்சி.

முதலாவது, திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேடு. 2005-ல் ஆறு மாத காலம் நகரத்திலும் கிராமத்திலும் புதிதாகப் பக்கவாதம் வந்தவர்களை வீடு வரை தேடிப் பதிவு செய்தார்கள். மொத்தம் 541 பேர். 2009-ல் முடிவு வெளியானது. பக்கவாதம் வரும் விகிதத்தில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு அதற்குப் பிறகுதான். 28 நாட்களுக்குள் நகரத்தில் நான்கில் ஒருவர் இறந்தார்; கிராமத்தில் மூன்றில் ஒருவருக்கும் மேல். ஒரே மாவட்டம், ஒரே நோய். ஆனால் கிராமத்தில் இருப்பதற்கே ஒரு விலை இருந்தது.

இரண்டாவது, திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேடு. இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பம்ப் வலுவிழந்து, ரத்தத்தைத் தள்ள முடியாமல் காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்குவது. 2013-ல் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இப்படிச் சேர்க்கப்பட்ட 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. மேலை நாடுகளில் இந்த நோயாளிகள் எழுபதைத் தாண்டியவர்கள். இங்கே பேரக்குழந்தையைப் பள்ளியில் விடும் வயது. ஆஸ்பத்திரிக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேர். ஓராண்டு முடிந்தபோது கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் இல்லை. அதாவது, ஆஸ்பத்திரியில் போன உயிர்களைவிட அதன் வாசலைத் தாண்டிய பிறகு போனவை இரண்டு மடங்குக்கும் மேல்.

வயது, வேறு நோய்கள், மருந்து வாங்க வசதி இல்லாமை என்று காரணங்கள் பல. எல்லாவற்றையும் நர்ஸ் ஒருவர் மாற்றிவிட முடியாது. ஆனால் எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பதில் உண்டு.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு அது, 2011-ல் வெளியானது. புதிய மருந்து எதுவும் கிடையாது, புதிய இயந்திரமும் கிடையாது. ஒரு பாதிப் பிரிவுகளில் நர்ஸ்களுக்கு மூன்று விஷயங்களில் கறாரான பயிற்சி கொடுத்தார்கள். முதல் மூன்று நாள் காய்ச்சலைக் கவனித்து உடனே இறக்குவது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. விழுங்கும் சக்தியைச் சோதிக்காமல் வாயில் எதையும் கொடுக்காமல் இருப்பது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது வழக்கமான பிரிவுகளில் 100-க்கு 58 பேர் இறந்தோ ஊனமுற்றோ இருந்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இருந்த பிரிவுகளில் 42 பேர். நூற்றுக்குப் பதினாறு பேரைக் காப்பாற்றியது ஒரு தெர்மாமீட்டரும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தமும், ஒரு கரண்டி தண்ணீரும். எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கும்.

கஞ்சிக்கு முன்னால்

செவிலியம் என்றால் அன்பு, பொறுமை, சேவை என்று மேடையில் சொல்வது வழக்கம். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் வார்டில் நர்ஸை நர்ஸாக்குவது வரிசை. பத்து வேலை காத்திருக்கும்போது எது முதல், எது இரண்டாவது என்ற தெளிவு. இந்த வரிசை வீட்டுக்கு வருவதில்லை. அன்பு மட்டும் வருகிறது. அன்பு சில சமயம் தப்பான இடத்தில் தொடங்குகிறது.

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்கு முதல் அன்பு கஞ்சி. எல்லையின் இரு பக்கமும் காய்ச்சல்காரனுக்கும் கஞ்சி, பிள்ளை பெற்றவளுக்கும் கஞ்சி. ஆனால் விழுங்கும் தசை வலுவிழந்தவருக்குத் தண்ணீராக ஓடும் கஞ்சிதான் அதிக ஆபத்து. மெல்லிய திரவம் தொண்டையில் நிற்காமல் மூச்சுக்குழாயில் இறங்கும். அதில் பருக்கையும் மிதந்தால் இன்னும் மோசம். நுரையீரலில் சீழ் பிடித்து நிமோனியா வரும். பக்கவாதத்தில் தப்பியவர் நிமோனியாவில் போவது இப்படித்தான். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரல் நனைந்ததுபோல் கரகரப்பு, கடைவாயில் சோறு தங்குவது, எச்சில் வழிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வாய்வழி உணவை நிறுத்திவிட்டு நர்ஸையோ டாக்டரையோ கேட்க வேண்டும். மாத்திரைக்கும் இதே விதிதான்.

விழுங்கலாம் என்று ஆன பிறகும் முறை உண்டு. படுத்தபடி ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சின்னக் கரண்டியில், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். உணவு கூழ் பதத்தில் இருப்பது நல்லது. முடிந்த பின் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. வாயைத் துடைத்துப் பல்லையும் நாக்கையும் சுத்தம் செய்வது அலங்காரம் அல்ல. அழுக்கு வாயிலிருந்து இறங்கும் எச்சிலே நிமோனியாவின் விதை.

அடுத்தது உடல் வெப்பம். அதற்கடுத்து தோலும் தோளும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது. குதிகால், இடுப்பெலும்பு, முதுகுத்தண்டின் அடி ஆகிய இடங்களில் விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு தெரிந்தால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் அறிவிப்பு. தண்ணீர் மெத்தை வாங்கிப் போட்டதால் புரட்டும் வேலை குறையாது. வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது இன்னொரு வழக்கமான தவறு. தோள் மூட்டு நழுவி, பிறகு உடற்பயிற்சியே செய்ய முடியாத வலி வரும்.

நடக்கவைப்பது கடைசியில். இங்கேதான் உறவினர்கள் அவசரப்படுகிறார்கள். 2,104 பேரிடம் நடந்த, 2015-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே தேறினார்கள் என்று காட்டியது. நடை வேண்டும். ஆனால் அதற்கு முறையும் வேளையும் உண்டு.

அதிக ஆக்சிஜன், அதிக ஆபத்து

கோவிட் காலம் கிராமத்து வீடுகளில் இரண்டு பொருட்களை விட்டுச் சென்றது. ஒன்று விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். இன்னொன்று, ஆக்சிஜன் கூடினால் நல்லது என்ற நம்பிக்கை. முதலாவது வரம். இரண்டாவது சிலருக்கு ஆபத்து.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பீடியிலிருந்து வருகிறது. விறகடுப்பின் புகையிலிருந்தும் வருகிறது. அதனால்தான் ஒரு நாளும் பீடியைத் தொடாத பெண்களும் இதில் இருக்கிறார்கள். இந்த நோயாளிகளில் பலரது உடல் குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகிவிட்டது. ஆக்ஸிமீட்டரில் 98 காட்டும்வரை குழாயைத் திறந்துவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். நோயாளி அமைதியாகத் தூங்குவதுபோல் தெரியும். அது தூக்கமல்ல, மயக்கம். இவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வரைதான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்களைக் கொண்டு நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த அளவுக்கு ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தியபோது, தாராளமாகக் கொடுத்ததோடு ஒப்பிட மரணம் பாதிக்கும் கீழே குறைந்தது. மாரடைப்பிலும் 90-க்கு மேல் காட்டும்போது ஆக்சிஜன் கொடுத்துக் கூடுதல் பயன் இல்லை என்று 2017-ல் ஸ்வீடன் ஆய்வு ஒன்று சொன்னது.

எனவே நுரையீரல் நோயாளியிடம் நர்ஸ் முதலில் பார்ப்பது இயந்திரத்தை அல்ல, நோயாளியை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிகிறதா? உதடு நீலமா? நேற்றைவிடக் குழப்பமாகப் பேசுகிறாரா, பகலில் தூங்கி வழிகிறாரா? சளியின் நிறம் மாறியதா? அதன் பிறகு உட்காரும் முறை: முன்னால் சாய்ந்து, முழங்கையை மேஜையிலோ தொடையிலோ ஊன்றி, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை வெளியே விடுவது. அதன் பிறகு இன்ஹேலர். மருந்து வீட்டில் இருக்கிறது, நோயாளி அதை இழுக்கும் விதம்தான் தவறு என்பது மிகச் சாதாரணம். மருந்து தொண்டையில் படிந்துபோகிறது, நுரையீரலுக்குப் போவதில்லை. ஒரு முறை தன் எதிரில் இழுத்துக் காட்டச் சொல்லும் நர்ஸ், மருந்தின் அளவைக் கூட்டாமலே நிவாரணத்தைக் கூட்டிவிடுகிறார்.

வீட்டில் ஆக்சிஜன் கருவி இருந்தால் அந்த அறையில் பீடியும் விளக்கும் கூடாது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை மின்சாரம் இருக்கும்போதே பேசி வைக்க வேண்டும்.

எடைக் கருவி என்ற மருந்து

இதயச் செயலிழப்பு நோயாளியின் வீட்டில் மிக மலிவான உயிர்காப்பான், குளியலறை எடைக் கருவி. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, சாப்பிடும் முன், ஏறத்தாழ ஒரே உடையில் தினமும் ஏறி நின்று எழுதி வைப்பது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். மூச்சு முட்டத் தொடங்கும் முன்பே வரும் எச்சரிக்கை அது. காலில் வீக்கம், படுக்க ஒரு தலையணை போய் இரண்டு தலையணை தேவைப்படுவது, நடு ராத்திரியில் எழுந்து ஜன்னலோரம் உட்காருவது என்பவை அடுத்தடுத்த மணிகள். இவற்றை யாரும் கேட்காவிட்டால் நோயாளி சொல்வதில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது, உப்பு. உப்பைக் குறையுங்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். வீட்டில் குழம்பில் உப்பைக் குறைப்பார்கள். கூடவே பப்படமும், கருவாடும், மாங்காய் ஊறுகாயும் தட்டில் இருக்கும். உப்பு என்றால் உப்பு ஜாடியில் இருப்பது மட்டும்தான் என்ற எண்ணம். அடுக்களைக்குள் போய்ப் பார்க்கும் நர்ஸுக்குத்தான் இது தெரியும். ஆஸ்பத்திரி மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது.

மூன்றாவது, இளநீர். நோயாளியைப் பார்க்க வருகிறவர் கையில் இளநீரோடு வருவது இங்கே மரியாதை. ஆனால் இதயச் செயலிழப்புக்குத் தரும் சில மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகமும் தளர்ந்தவருக்கு இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். குடிக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை. ஆயுள் முழுவதும் தோட்டத்தில் உழைத்தவருக்கு முழங்கால் வலிக்காமல் இருக்காது. அந்த மாத்திரைகளில் பல, உடலில் நீரைத் தேக்கி இதயத்தை மீண்டும் மூழ்கடிக்கும். மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பது நர்ஸின் வேலையில் ஒன்று என்பது இதனால்தான்.

மூன்று நோயும் ஒரே கட்டிலில் இருந்தால்? அது அரிதல்ல. ரத்த அழுத்தமும் புகையும் மூன்றுக்கும் பொதுவான தாய். அப்போது வார்டின் பழைய விதி உதவுகிறது. முதலில் மூச்சு. அடுத்து நினைவு: கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, முகம் கோணுகிறதா, பேச்சு புதிதாகக் குழறுகிறதா? குழறினால் மற்ற எல்லாம் காத்திருக்கலாம். ஆம்புலன்ஸ்தான் முதல் வேலை. அடைப்பால் வந்த பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்தான். மூன்றாவது விழுங்குதல். நான்காவது நீர்: எடை, வீக்கம், சிறுநீர். ஐந்தாவது தோல். ஆறாவது மாத்திரைப் பெட்டி. கடைசியாக, கட்டிலின் மறுபக்கம் நிற்கும் பெண்ணின் முகம். அவர் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார்?

வீட்டுக்கு வரும் நர்ஸ்

இதையெல்லாம் செய்ய ஆள் யார்? எல்லையின் இரு பக்கமும் விடை இருக்கிறது. இரண்டும் அரை விடைகள்.

கேரளத்தின் விடை மூத்தது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி நிவாரணக் கிளினிக்கிலிருந்து அது வளர்ந்தது. புற்றுநோயாளியின் வலியைக் குறைக்கத் தொடங்கிய இயக்கம், மலப்புரத்தின் தன்னார்வலர்கள் கைக்கு வந்தபோது படுக்கையில் கிடக்கும் எல்லோரையும் தேடிப் போகத் தொடங்கியது. அவர்களில் கணிசமானோர் பக்கவாதக்காரர்கள். 2008-ல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்தது. இந்தியாவில் எந்த மாநிலமும் அதற்கு முன் செய்யாதது அது. பஞ்சாயத்துப் பணத்தில், கூடுதல் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், ஆஷா பணியாளரோடு வீடு வீடாகப் போகிறார். பாறசாலையிலும் காரோட்டிலும் குன்னத்துக்காலிலும் வெள்ளறடையிலும் கட்டிலோடு கிடப்பவர்களுக்கு இந்தப் பெண்தான் அரசாங்கம்.

ஆனால் பஞ்சாயத்துக்கு ஒரு நர்ஸ் என்றால் ஒரு வீட்டுக்கு மாதம் ஒன்றிரண்டு முறை வந்தாலே பெரிது. சிறுநீர்க் குழாய் மாற்றவும் புண்ணுக்குக் கட்டுப் போடவுமே அந்த நேரம் போய்விடும். மேலும் இந்த ஏற்பாடு படுக்கையில் விழுந்தவர்களுக்கானது. இதயச் செயலிழப்போடு நடமாடிக்கொண்டிருப்பவர் அந்தப் பட்டியலில் எளிதில் ஏறுவதில்லை. விழுந்த பிறகுதான் ஏறுகிறார்.

தமிழ்நாட்டின் விடை இளையது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எதிர்த் திசையிலிருந்து வருகிறது. நடமாடுபவர்களைத்தான் அது முதலில் பிடிக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை, பெண் தன்னார்வலர் கையால் வீட்டு வாசலுக்கே வருகிறது. பக்கவாதத்தின் வேரிலேயே கை வைக்கும் ஏற்பாடு. ஆனால் படுக்கை நோயாளிக்கான நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வட்டாரம் முழுவதற்கும் பொதுவானவர்கள். கேரளம் நர்ஸைக் கிராமத்துக்கு அருகே கொண்டுவந்தது. தமிழ்நாடு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே ஒரு நடை தூரம்தான். இரண்டையும் ஒரே வீட்டில் காண முடியாது.

மீதி இருபத்தெட்டு நாளும் குடும்பத்தின் தலையில். குடும்பத்துக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் போதாதா என்ற யோசனை இந்தியாவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. 14 மருத்துவமனைகள், 1,250 பக்கவாத நோயாளிகள். பராமரிக்கும் உறவினருக்கு உடற்பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும் இறந்தவர்கள், பிறரைச் சார்ந்திருப்பவர்களின் அளவு ஒன்றேதான்: நூற்றுக்கு 47. உறவினர்களின் உழைப்பு வீண் என்று இதற்கு அர்த்தமல்ல. அவர்கள் இல்லாவிட்டால் ஒரு நாளும் ஓடாது. தேர்ந்த கை செய்ய வேண்டிய வேலையைப் பாசத்தின் பெயரில் அவர்கள் மீது இறக்கிவைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் அர்த்தம்.

அந்த உழைப்புக்குக் கேரளம் ஒரு விலையும் வைத்தது. படுக்கை நோயாளியை முழு நேரமும் கவனிப்பவருக்கு ‘ஆசுவாசகிரணம்’ திட்டத்தில் நிர்ணயித்த உதவித்தொகை மாதம் 600 ரூபாய். நாளுக்கு இருபது ரூபாய். கொடுக்கும் எண்ணம் பாராட்டத்தக்கது, அளவு அல்ல. இதே கிராமங்களின் பெண்கள் வளைகுடாவிலும் பிரிட்டனிலும் நர்ஸ்களாக வேலை பார்க்கிறார்கள். உலகத்தின் முதியவர்களைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் அனுப்பும் ஊரில், சொந்த முதியவரைப் புரட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அறுபதைத் தாண்டியோர் விகிதத்தில் இந்தியாவிலேயே முதலிடம் கேரளத்துக்கு, 12.6 சதவீதம். தமிழ்நாடும் முன்வரிசையில்தான், 10.4 சதவீதம். அதன் பிறகு இரண்டும் ஏறியிருக்குமே தவிர இறங்கியிருக்காது.

கோட்டுக்கு இருபுறமும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளையும் சேர்க்க வேண்டும் என்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. கோடு விழுந்தது, சம்பந்தங்கள் அறுபடவில்லை. மகளை மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த பாறசாலைக்காரர் நோய் வந்தால் மகள் வீட்டுக்குப் போகிறார். கொல்லங்கோட்டுக்காரர் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் படுக்கிறார்.

அங்கேதான் நூல் அறுகிறது. பஞ்சாயத்து நர்ஸின் பொறுப்பு பஞ்சாயத்து எல்லையோடு சரி. தன்னார்வலரின் பட்டியல் இந்தப் பக்கத்து ஆட்களோடு சரி. டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில், வாய்மொழி அறிவுரை மலையாளத்தில், வீட்டில் பேச்சு தமிழில். இரு மாநிலக் காப்பீட்டுத் திட்டங்களும் அடிப்படையில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கானவை. வீட்டுக் கட்டிலின் அருகே மாதக்கணக்கில் தேவைப்படும் செவிலியத்துக்கு அவற்றில் இடமில்லை. அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பணம் தரும் ஏற்பாடு, அந்த இதயம் மூன்று மாதம் கழித்து நீரில் மூழ்காமல் பார்க்க ஒரு நர்ஸை அனுப்புவதில்லை.

திருத்தம் பெரிய செலவில்லாதது. இதயச் செயலிழப்பு நோயாளியை டிஸ்சார்ஜுக்குப் பின் ஒன்று, இரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்பது பன்னாட்டு மருத்துவ வழிகாட்டிகளே சொல்லும் விதி. அதை மூன்று நோய்க்கும் பொதுவாக்கலாம். நோயாளி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் நாளன்றே அவர் போகிற ஊரின் நர்ஸுக்குத் தகவல் போக வேண்டும். ஊர் எந்த மாநிலத்தில் இருந்தாலும். ஏழு நாளுக்குள் முதல் வருகை. கட்டிலருகே சுவரில் ஒரே ஒரு தாள், தமிழிலும் மலையாளத்திலும்: இன்றைய எடை, காய்ச்சல், மூச்சு, ஆக்சிஜன் அளவு, இவருக்கு எந்த அளவு போதும், எந்த அறிகுறிக்கு யாரைக் கூப்பிடுவது, விழுங்கலாமா கூடாதா. அடுத்த முறை மார்த்தாண்டத்திலோ திருவனந்தபுரத்திலோ அவசரப் பிரிவில் இறங்கும்போது அந்தத் தாளே நோயாளியின் நாக்கு.

எடைக் கருவி, தெர்மாமீட்டர், ரத்த அழுத்தக் கருவி, ஆக்ஸிமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி. ஐந்தும் ஒரு துணிப்பையில் அடங்கும். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒருவருக்குப் பதில் இரண்டு மூன்று பேர் நடந்தால் ஆகும் சம்பளச் செலவு, புதிதாக ஒரு கட்டடம் எழுப்பித் திறப்பு விழா நடத்துவதைவிடக் குறைவு. ஆனால் கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு. கஞ்சியை வாயில் வைக்கும் முன் ஒரு நர்ஸ் தடுத்ததால் வராமல்போன நிமோனியாவுக்குக் கல்வெட்டு கிடையாது. அது கணக்கில் ஏறுவதும் இல்லை. 28-வது நாளில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையில்தான் தெரியும்.